முதலில் கட்டடமா, ஆட்களா? விசுவமடுப் பக்கம் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை

கேள்வி (முல்லைத்தீவு மாவட்டம், விசுவமடுவிலிருந்து):
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பதினான்கு குடும்பம், ஒரு வீட்டுக் கோடியில் தகரக் கொட்டிலுக்குள் கூடுகிறோம். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் சாமான் கொடுத்த சபைகளுக்கு ஆட்கள் நிறைய வந்தார்கள், சாமான் நின்றதும் ஆட்களும் நின்றுவிட்டார்கள், அதைக் கண்ணால் பார்த்தவன் நான். இப்போது கனடாவில் இருக்கும் ஒரு சகோதரர் கட்டடத்துக்குக் காசு தருகிறேன் என்கிறார். பாதிப் பேருக்கு அதுதான் விருப்பம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சபை அக்கா ஒருவரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரியும். ஞாயிறுதோறும் பக்கத்தில் இருந்து பாடுகிறவர் அவர். இன்றைக்கும் அந்த நிலைமை பெரிதாக மாறவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

மறுமொழி (ஒட்டுசுட்டான் அக்கா):
தம்பி, காசைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை ஒருக்கால் ஆறுதலாக வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. அப்போஸ்தலர்கள் தாங்களே ஓடிப்போய்ப் பரிமாறவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையிடமே சொல்கிறார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் கணவர் இல்லாமல் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களை உதவி வாங்கும் வரிசையிலேயே வைத்திருக்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள். நாங்கள் ஒழுங்கைக்கு ஒருவராகப் பிரித்து, ஒரு சிஆர் கொப்பியில் வீட்டுக்காரர் பெயரும் பக்கத்தில் தேவையும் எழுதுகிறோம். 'சின்னவனுக்குக் கண்ணாடி', 'கிணறு இறைக்க வேணும்', 'நுண்கடன்காரர் வெள்ளிக்கிழமை வருவினம்'. செய்து முடித்ததை வெட்டிவிடுவோம். யானை வரும் இடமென்றால் பொழுதுபட முன்னமே போய் வாருங்கள்.

மறுமொழி (மல்லாவி வாத்தியார்):
அக்கா சொல்வது சரி, ஆனாலும் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மாரி மழைக்குத் தகரத்துக்குக் கீழே ஒரு சொல்லும் கேட்காது. ஞாயிறு மட்டும் திறந்து மற்ற ஆறு நாளும் பூட்டுப் போடுவதென்றால்தான் அது வீண். பின்னேரத்தில் ஊர்ப் பிள்ளைகள் எந்தச் சமயமானாலும் வந்திருந்து படிக்கட்டும். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனும் பள்ளிக்கூடங்களோடுதான் ஊருக்குள் இறங்கியது, உடுவிலில் 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. 1847இல் அதே மிஷனில் வந்த டாக்டர் கிறீன் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, நம் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். வந்தவர் போன பிறகும் வேலை நடக்க வேண்டும், மிஷன் என்றால் எனக்கு அதுதான்.

இன்னொன்று, 'மதம் மாற்ற வந்தவர்கள்' என்ற பேச்சு உங்கள் ஊரிலும் இருக்கும். அரிசிப் பையையும் ஞானஸ்நானத்தையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளில் மைக் கட்டிக் கூட்டம் வைக்காதீர்கள், நடந்து போகிற சனத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். செத்தவீடென்றால் பந்தல் போடக் கூட நில்லுங்கள்.

மறுமொழி (இரணைமடுப் பெடியன்):
நெல் அருவிவெட்டு நேரத்தில் ஜெபக்கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று கோபிக்கிற சபையில் இருந்தவன் நான். அண்ணை, வயலுக்குப் போங்கள். வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அப்பா முதன்முதலில் தடுப்பு முகாம் கதையை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். அதுவரை எங்களுக்கும் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கனடாவுக்கு எழுதிவிட்டேன், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி. கொப்பியும் வாங்கியாயிற்று. முதல் பெயராக வெள்ளம் புகுந்த வீட்டு அக்காவின் பெயரை எழுதத்தான் போனேன், பிறகு யோசித்துவிட்டுக் கொப்பியை அவரிடமே கொடுத்தேன். அன்று பின்னேரமே மூன்று வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அதில் ஒரு வீடு எங்கள் சபையே இல்லை.