சித்திரை 1க்குப் பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுக்கலாமா?

தெம்பனிஸ் தாய் | ஏப்ரல் 4, இரவு 10.12

சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. என் மகள் தொடக்கநிலை 2 படிக்கிறாள். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு ஆரஞ்சும் ஓர் அங்பாவும் (சிவப்பு உறையில் போட்ட காசு) கொடுத்தார். நோன்புப் பெருநாளுக்கு எதிர் வீட்டிலிருந்து காசு போட்ட பச்சை உறை வந்தது. 14ஆம் தேதி நம் புத்தாண்டு என்று சொன்னேன். "லீவும் இல்ல, காசும் இல்ல, அப்புறம் எதுக்கும்மா அதுக்குப் பேரு புத்தாண்டு?" என்று கேட்டுவிட்டாள்.

சிங்கப்பூரில் அன்றைக்கு லீவு இல்லை, அது என் கையில் இல்லை. காசு என் கையில்தான் இருக்கிறது. மாமியார் கொடு என்கிறார், வீட்டுக்காரர் புதுப்பழக்கம் வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை | இரவு 10.31

வீட்டுக்காரர் பக்கம் என் ஓட்டு.

வசந்தகாலப் பண்டிகைகளைப் பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பாருங்கள். காதலர் தினம், சீனப் புத்தாண்டு, மகளிர் தினம், பெருநாள், ஈஸ்டர், மே மாதம் அன்னையர் தினம். ஒவ்வொன்றுக்கும் கடைவீதியில் ஓர் அலங்கார வளைவு, ஒரு தள்ளுபடி. பாக்கி இருப்பது சித்திரை 1தான். அதில் வெறும் மாங்காய்ப் பச்சடி. அதையும் கெடுக்கணுமா?

இன்னொன்று. எங்கள் அப்பா ஊரில் மொய் நோட்டு வைத்திருந்தார். நீல அட்டை, உள்ளே கோடு போட்டு யார் எவ்வளவு என்று எழுதியிருக்கும். 51 ரூபாய் வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு 51க்குக் குறையாமல் போகணும். ஒரு முறை இரண்டு மாமன்கள் நாலு வருஷம் பேசிக்கொள்ளவில்லை, காரணம் அந்த நோட்டில் ஒரே ஒரு வரி. இன்று நீங்கள் உங்கள் மகளுக்குக் கொடுப்பீர்கள். நாளை நாத்தனார் பிள்ளைகளுக்கு. அவர் உங்கள் பிள்ளைக்கு. நோட்டு இல்லையே தவிர எல்லாம் மொய்தான்.

செங்காங் ராணி | இரவு 10.40

எனக்குப் பரிசு பிடிக்கும். கொடுக்கவும் பிடிக்கும், வாங்கவும் பிடிக்கும். குற்றமா?

ஈசூன் மாமா | இரவு 11.05

வசந்தகாலப் பண்டிகைகள் என்று கணக்குப்பிள்ளை அடுக்கிவிட்டார். சிங்கப்பூரில் வசந்தம் என்றால் அது தொலைக்காட்சி ஒளிவழிதான் தம்பி, மற்றபடி வருஷம் முழுக்க வியர்வை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு அங்பாவ் கொடுக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? ஊரில் பெரியவர்கள் கையில் காசு கொடுப்பார்கள், உண்மை. ஆனால் உறையில் போட்டு, உறைக்கு ஒரு நிறம் வைத்து, வீடு வீடாகப் போய்க் கொடுப்பது இங்கே சீனரைப் பார்த்து வந்தது. மலாய்க்காரர்களின் பச்சை உறையும் அப்படித்தான். அதை யாரும் இன்று புதுப்பழக்கம் என்று சொல்வதில்லை.

இன்னும் பழைய கதை ஒன்று. நான் வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். பிரிட்டிஷ்காரன் 1971இல் கிளம்பும்வரை அங்கே தமிழரும் மலையாளிகளும் சுவர் ஒட்டிய வீடுகளில் இருந்தோம். அடுத்த வீட்டு மலையாளிப் பெரியவர் விஷு (அவர்கள் வருஷப் பிறப்பு) அன்று விடிகாலையில் எங்களையும் கூப்பிடுவார். கண்ணை மூடிக்கொண்டு போகணும். திறந்தால் உருளி, கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி, விளக்கு. அதன் பிறகு உள்ளங்கையில் ஒரு பத்துக் காசு வைப்பார். ராணி தலை போட்ட காசு. கைநீட்டம் என்று பெயர். அவர் கை குளிர்ந்திருக்கும், அப்போதுதான் குளித்திருப்பார். அந்தக் காசுக்கு என்ன வாங்கித் தின்றேன் என்று ஞாபகம் இல்லை. அந்தக் குளிர்ச்சி மட்டும் இருக்கிறது.

வேம்பு | இரவு 11.22

மாமா சொல்வது எங்களிடமும் இருக்கிறது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துப் பக்கம், மூன்று தலைமுறையாக இங்கே. சித்திரை வருஷப் பிறப்புக்கு மருத்துநீர் (மூலிகை காய்ச்சிய நீர்) வைத்துக் குளித்து, சாமி கும்பிட்டு, அப்புறம் கைவிசேடம். வெற்றிலை, பாக்கு, கொஞ்சம் நெல், ஒரு பூ, அதன்மேல் காசு. அப்பம்மா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பார். கைவிசேடத்துக்கென்றே அதில் நேரம் போட்டிருக்கும். அந்த நேரம் வருமுன் யாருக்கும் ஒரு காசு கொடுக்க விடமாட்டார், பால்காரருக்குக்கூட.

ஆகவே தெம்பனிஸ் அக்கா, இதைப் புதுப்பழக்கம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் எங்கள் அப்பம்மாவிடம் அனுப்புங்கள். இப்போது அவர் படத்தில்தான் இருக்கிறார், இருந்தாலும் முறைப்பார்.

கணக்குப்பிள்ளை | இரவு 11.47

வேம்பு சொன்னதை வைத்தே நான் வாதாடுகிறேன். கைவிசேடம் பரிசு அல்ல. என்ன வேண்டும் என்று அதில் கேட்பதில்லை. எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பெரியவர் கையிலிருந்து இறங்கும், திரும்பி ஏறாது. அங்பாவ் கொடுக்கலாமா என்று கேட்டவர் நினைப்பது அதுவா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருப்பது நம் பிள்ளைக்கும் இருக்கணும் என்பதுதானே?

தெம்பனிஸ் தாய் | இரவு 11.58

கொஞ்சம் அதுவும்தான். ஒத்துக்கொள்கிறேன். ஏழு வயதுப் பிள்ளை வகுப்பில் எல்லோரும் உறையை எண்ணும்போது சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அம்மாவுக்கு வலிக்காதா?

ஓபிர் சாலை | ஏப்ரல் 5, காலை 11.15

இன்று ஈஸ்டர். லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து காப்பியோடு உட்கார்ந்து இதைப் படிக்கிறேன். ஒரு தகவல்: ஈஸ்டர் முட்டை முதலில் பரிசாக வரவில்லை. பழைய ஐரோப்பாவில் தவக்காலம் 40 நாளும் முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். பண்டிகை அன்று வீடு நிறைய முட்டை, அதை அவித்துச் சாயம் பூசி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இன்று அது ஜிகினாத்தாள் சுற்றிய சாக்லேட். தங்கத்தாள் முயல் ஒன்றை என் மகன் நேற்றுக் கையில் எடுத்தான், விலையைப் பார்த்துவிட்டு அவனே வைத்துவிட்டான். நல்ல பிள்ளை.

நாங்கள் அவித்த முட்டைதான். கணக்குப்பிள்ளை பக்கம் ஒரு ஓட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

செங்காங் ராணி | மதியம் 1.20

"பரிசு வேண்டாம், பச்சடி போதும்" என்று சொல்லும் அண்ணன்மாரே, அந்தப் பச்சடிக்கு மாங்காய் சீவுவது யார்? காலை ஐந்து மணிக்கு எழுந்து வேப்பம்பூ வறுப்பது யார்? சித்திரை 1 இங்கே வேலைநாள். வடை சுட்டுவிட்டு எட்டரைக்கு நான் ரயிலில் நிற்கணும். ஒரு பூவாவது வாங்கிக் கொடுத்தால் தமிழ்ப் பண்பாடு தேய்ந்துவிடாது.

மார்ச் 8 மகளிர் தினத்துக்கு என் அலுவலகத்தில் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். 1917இல் அதே நாளில் ரஷ்யாவின் பெட்ரோகிராடில் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், ஒரு வாரத்தில் ஜார் மன்னன் காலி. நாங்கள் கேக்கைத் தின்றுவிட்டுக் கூட்டத்துக்குப் போனோம். அந்த மாதிரிப் பரிசு எனக்கும் வேண்டாம்தான். ஆனால் பரிசே வேண்டாம் என்பது வேறு.

கணக்குப்பிள்ளை | மதியம் 2.04

ராணி அக்காவுக்கு அன்னா ஜார்விஸ் கதை சொல்கிறேன். இன்றைய அன்னையர் தினத்தைத் தொடங்கியவர். 1908இல் அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில், இறந்துபோன தன் தாயின் நினைவாக 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பி ஆரம்பித்தார். 1914இல் அதிபர் வில்சன் அதை நாடு முழுவதற்கும் அறிவித்தார். அப்புறம் பூக்கடைக்காரர்களும் மிட்டாய்க் கம்பெனிகளும் வாழ்த்து அட்டைக்காரர்களும் உள்ளே புகுந்தார்கள். அந்த அம்மா மிச்ச வாழ்நாளை அவர்களை எதிர்த்தே கழித்தார். 1948இல் கையில் காசில்லாமல் ஒரு மருத்துவ விடுதியில் இறந்தார். தொடங்கியவராலேயே நிறுத்த முடியவில்லை. நம்மால் முடியுமா?

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அவர் அந்தப் பெயரை வேண்டுமென்றே ஒருமையில் வைத்தார். உலகத்துத் தாய்மாருக்கெல்லாம் அல்ல, அவரவர் தாய் ஒருத்திக்கு. நாம் தமிழில் அன்னையர் என்று பன்மையாக்கி வைத்திருக்கிறோம்.

செங்காங் ராணி | மதியம் 2.15

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்த அம்மா எதிர்த்தது அச்சடித்த அட்டையை. அம்மாவுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுது என்றார். கடிதம் பரிசு இல்லையா? 500 பூ பரிசு இல்லையா?

நீங்கள் உங்கள் அம்மாவுக்குக் கடைசியாக எப்போது கடிதம் எழுதினீர்கள்?

கணக்குப்பிள்ளை | மதியம் 2.50

கேள்வி நியாயமானது. பதில் எனக்குள் இருக்கட்டும்.

பாசிர் ரிஸ் மரைக்காயர் | மாலை 4.33

பச்சை உறை பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பெருநாள் தொழுகைக்குமுன் ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். வீட்டில் பிறந்த குழந்தைக்கும் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. அது ஏழைக்குப் போகிறது, அது கடமை. பச்சை உறை அப்படியில்லை, பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு. எங்கள் வாப்பா இரண்டையும் கலக்க மாட்டார். பள்ளிவாசலில் ஃபித்ரா கட்டிவிட்டு வந்துதான் உறையில் தாள் போடவே உட்காருவார். உறை போடாத வருஷம் உண்டு, வேலை போயிருந்தது. ஃபித்ரா கட்டாத வருஷம் இல்லை.

தெம்பனிஸ் தங்கச்சி, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளை கையால் யாருக்காவது கொடுக்க வைத்துவிட்டு, அதன் பிறகு அவளுக்குக் கொடுங்கள்.

தெம்பனிஸ் தாய் | மாலை 6.10

மரைக்காயர் அண்ணன் சொன்னது பிடித்திருக்கிறது. சரி, கொடுப்பது என்று முடிவாகிவிட்டது, வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. இப்போது எவ்வளவு என்பது பிரச்சினை. மாமியார் 11 வெள்ளி (டாலர்) என்கிறார், நமக்கு ஒற்றைப்படைதான் விசேஷமாம். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த அங்பாவ் எல்லாம் இரட்டைப்படை, 4 ஆகாது. நெல் எங்கே கிடைக்கும்?

வேம்பு | மாலை 6.25

நெல்லுக்குப் பதில் பச்சரிசி வையுங்கள். வெற்றிலை தேக்காவில் (லிட்டில் இந்தியா) பூக்கடைகளில் கிடைக்கும், கிழியாததாகப் பார்த்து வாங்குங்கள், காம்போடு.

ஈசூன் மாமா | மாலை 6.40

தாள் வேண்டாம். ஒரு வெள்ளி நாணயம், ஒன்றே ஒன்று. உறை வேண்டாம். நேராகக் கையில் வையுங்கள், கை படணும்.

கணக்குப்பிள்ளை | மாலை 7.02

ஒரு வெள்ளி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றோடு நிற்காது.

தெம்பனிஸ் தாய் | ஏப்ரல் 15, இரவு 9.48

கேட்டவர்களுக்காக. நேற்றுக் காலை ஆறு மணிக்குக் குளிப்பாட்டி, சாமி படத்துக்கு முன் உட்கார வைத்தோம். மாமனார்தான் கொடுத்தார். வெற்றிலையை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, நாணயம் வழுக்கி அரிசியோடு தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வீட்டுக்காரர்தான் குப்புறப் படுத்து எடுத்தார், வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர். "ஒரு வெள்ளிதானா?" என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. "தாத்தா, இலையை என்ன செய்யறது?" என்றுதான் கேட்டாள். தாத்தா வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்கு முன்பே மரைக்காயர் அண்ணன் சொன்னபடி, திங்கள் சாயங்காலம் அவளைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அனுப்பினேன். ஒரு டப்பா பருப்பு வடை, இரண்டு மாங்காய். ஆரஞ்சு கொடுப்பது போலவே இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறாள். ஆன்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். காசு பென்சில் பெட்டியில் இருக்கிறது, செலவு பண்ண மாட்டாளாம்.

இன்று சாயங்காலம் ஆன்ட்டி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். காலியாக இல்லை. உள்ளே குவே லாப்பிஸ் (அடுக்கு கேக்), எட்டுத் துண்டு.

கணக்குப்பிள்ளை | இரவு 9.55

நோட்டு திறந்தாச்சு. முதல் வரி: குவே லாப்பிஸ், எட்டு.