சாலைப் பாதுகாப்பு விருது: விபத்து எண்ணிக்கை குறைந்தால் போதுமா?

(சாலைப் பாதுகாப்புப் பணிக்கு எதை அளந்து விருது தருவது என்று மைல்கல், வெள்ளைக்கோடு, இரவுவிளக்கு என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

மைல்கல்:
விருதுக் குழுக்கள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: போன ஆண்டு எத்தனை விபத்து, இந்த ஆண்டு எத்தனை? அந்த ஒப்பீட்டை நம்பி விருது கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. ஒரு சந்திப்பில் ஆண்டுக்குச் சராசரி 8 காய விபத்துகள் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஓர் ஆண்டில் தற்செயலாக 14 ஆகிவிடுகிறது. உடனே அது கரும்புள்ளிப் பட்டியலில், அதாவது அடிக்கடி விபத்து நடக்கும் இடங்களின் பட்டியலில், ஏறுகிறது, விளக்கும் எச்சரிக்கைப் பலகையும் வருகின்றன. மறு ஆண்டு பழைய 8. கை வைக்காமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே 8-தான் வந்திருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் ‘43 சதவீதம் குறைப்பு’ என்று ஏறிவிடும்.

வெள்ளைக்கோடு:
நோயைச் சரியாகச் சொன்னீர்கள், மருந்தில்தான் பிழை. தற்செயலாக ஏறிய எண்ணிக்கை தானாகவே சராசரிக்குத் திரும்பும் இந்தக் கோளாறைக் கழிக்க வழி இருக்கிறது. வேலைக்கு முன் 3 முதல் 5 ஆண்டுத் தரவு, பின் குறைந்தது 3 ஆண்டுத் தரவு. கூடவே, அதே அளவு போக்குவரத்து உள்ள, எந்த மாற்றமும் செய்யாத சந்திப்புகள் ஒப்பீட்டுக்கு. அங்கேயும் அதே அளவு குறைந்திருந்தால் விருது கிடையாது.

எண்ணிக்கையையே தூக்கி எறிந்தால் என்ன மிஞ்சும்? பேரணியும் துண்டுப் பிரசுரமும்தான். ‘இத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்தோம்’ என்பது விளைவு ஆகாது. நார்வேயில் வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண் ஓட்டுநர்களிடையே விபத்து கூடியது. பயிற்சி தந்த துணிச்சல், அது தந்த திறமையை மிஞ்சிவிட்டது. பங்கேற்றோர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அதுவும் வெற்றியாகத்தான் தெரியும்.

மைல்கல்:
உங்கள் கணக்கு பெரிய நகரத்துக்குச் செல்லும். ஆண்டுக்கு 2 உயிரிழப்பு உள்ள சிற்றூர் என்ன செய்யும்? 2 என்பது 0 ஆனாலும் 4 ஆனாலும் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நல்ல வேலை செய்தும் அந்த ஊருக்கு என்றைக்கும் விருது வராது.

இன்னொன்று, இதுதான் என்னை அதிகம் வருத்துவது. குறைந்த எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பதிவேடு மெலியும். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் சாலை உயிரிழப்பு என்பது பன்னாட்டு வரையறை. பன்னிரண்டாம் நாள் மருத்துவமனையில் இறந்தவர் காவல் பதிவில் ‘படுகாயம்’ என்றே நின்றுவிடலாம். ஆகவே மருத்துவமனைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்காத எந்த விண்ணப்பத்தையும் முதல் சுற்றிலேயே தள்ள வேண்டும்.

எண்ணிக்கைக்குப் பதில் வேகத்தை அளக்கலாம். ஸ்வீடன் ஆய்வாளர் நில்சன் வகுத்த விதிப்படி உயிரிழப்பு சராசரி வேகத்தின் நான்காம் படியை (அதே எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் வருவதை) ஒட்டி மாறும். மணிக்கு 60 கிலோமீட்டர் 54 ஆனால், வேகம் 0.9 மடங்கு; உயிரிழப்பு 0.9-இன் நான்காம் படி, ஏறத்தாழ 0.66 மடங்கு. அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. அளக்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டாம். முன்னால் வண்டி இல்லாமல் தடையின்றி ஓடும் 200 வண்டிகளை, அதே கிழமை, அதே நேரம், காய்ந்த சாலையில், கருவி கண்ணில் படாதபடி அளந்தால் போதும். கருவியைப் பார்த்தால் ஓட்டுநர்கள் பிரேக்கை மிதிப்பார்கள், அளவு கெட்டுவிடும்.

வெள்ளைக்கோடு:
நகரத் தெருக்களில் அந்தப் படி நான்கைவிடக் குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. மேலும், சாலையோரத் தடுப்புக் கம்பியின் மொட்டை முனை காரைத் துளைப்பதை எந்த வேக அளவு காட்டும்? அந்த முனையை மாற்றியவருக்கு உங்கள் முறையில் மதிப்பெண்ணே இல்லை.

இரவுவிளக்கு:
இருவருமே புதிய வேலையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். சாலையில் போட்ட கோடு பளிச்சென்று இருக்கும்போது படம் எடுத்து விண்ணப்பிக்கிறார்கள். வண்டி விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்ப கோட்டில் பதித்த கண்ணாடி மணிகள் டயர் தேய்த்து உதிர்ந்துவிட்டால் இரவில் அந்தக் கோடு இருந்தும் இல்லாததுதான். விருதை இரண்டாகப் பிரியுங்கள்: பாதி இப்போது, மீதி மூன்றாம் ஆண்டு இரவில் நேரில் போய்ப் பார்த்த பிறகு. பராமரிப்பவர்களுக்கு அங்கேதான் இடம் கிடைக்கும்.

அதோடு ஒரு நிபந்தனை: வரைபடம், செலவு, பிசகிய இடம் எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டும். 1959-இல் தன் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டின் காப்புரிமையைக் கார் நிறுவனமான வால்வோ மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. அதனால்தான் அது எல்லா வண்டிக்கும் போனது.

வெள்ளைக்கோடு:
இரண்டு தவணையை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது பாதிக்கு விபத்துத் தரவு கட்டாயம். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மைல்கல்:
சிற்றூர்களுக்கு மட்டும் வேக அளவு என்றால் சம்மதம். அளப்பது யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். விண்ணப்பித்தவரே அளந்து தந்தால் நான் எந்த எண்ணையும் ஏற்கமாட்டேன். குழுவே ஆள் அனுப்பட்டும், அதற்கான செலவைப் பரிசுத் தொகையிலிருந்தே எடுக்கட்டும்.