கொறங்காட்டுப் பட்டியில் ஊசி போட மாட்டை நிறுத்த முடியலைங்க: எப்படி மாத்தலாம்?

கிளுவைவேலி (கேள்வி)

வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் 12 ஏக்கர் கொறங்காடு (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு). காங்கேயம் உருப்படி 18: பசு 10, கிடாரி 7, பொலிகாளை 1. இட்டேரியை (ரெண்டு வேலிக்கு நடுவுல போற வண்டித்தடம்) ஒட்டி 30க்கு 30 அடியில் சதுரப் பட்டி இருக்குது. கல்லுக்கால், அஞ்சு வரி முள்கம்பி, 10 அடிக் கடவு ஒண்ணு, அதுக்கு மூங்கில் படல். கிடாரி எதுவும் கயிறு பழகலை. கோமாரி ஊசிக்கு வரும்போதெல்லாம் எல்லாமே ஒரு மூலையில் போய் முட்டிக்கிட்டு நிக்குது, முள்கம்பியில் தோல் கிழியுது. ஐப்பசி மழைக்கு உள்ளே கணுக்கால் சேறு. வேலியை 6 அடிக்கு உயர்த்தலாமா, இல்லை 2 இஞ்ச் ஜிஐ பைப் வாங்கி, மாடு ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கற மாதிரி ஊசி போட ஒரு சந்து கட்டலாமா? சந்துன்னா அகலம், நீளம், திசை சொல்லுங்க.

பட்டிக்காரர்

உயரத்தைத் தொடாதீங்க, 5 அடி போதும். கோளாறு வடிவத்துல இருக்குது. சதுரப் பட்டியில் மாடு மூலைக்குத்தான் போகும். போன மாடு தலையை உள்ளே கொடுத்து பின்னங்காலை நம்ம பக்கம் காட்டிட்டு நின்னா, எந்த வேலியும் உதவாது. அந்த மூலையையே வழியா மாத்தணும்.

எந்த மூலைங்கறது முக்கியம். மிரண்ட மாடு வந்த வழியே திரும்பிப் போகத்தான் பார்க்கும். அதனால சந்தின் வாய் கடவுக்குப் பக்கத்து மூலையில் இருக்கட்டும். எதிர் மூலையில் வெச்சா ஒவ்வொரு உருப்படியையும் அதோட விருப்பத்துக்கு எதிராத் தள்ள வேண்டி வரும். ஒரு பக்க வேலியை நேரா விட்டு, மறுபக்கம் 30 டிகிரி சாய்வா ஒரு தடுப்பு போட்டுச் சந்து வாய் வரைக்கும் ஒடுக்குங்க. ரெண்டு பக்கமும் சாய்ச்சா ரெண்டு மாடு ஒண்ணா வந்து வாயில் இறுகிக்கும். ஒடுங்கற இடத்துக்கு 10 அடிப் படல் ஒண்ணு தனியா வேணும். ஒரு தடவைக்கு 5 உருப்படிக்கு மேல அதுக்குள்ள விடாதீங்க. கொம்பு மாடு திரும்ப இடம் இல்லைன்னா பக்கத்து மாட்டைத்தான் குத்தும்.

சந்து வடக்கு தெற்காப் போகட்டும். ஊசி காலையில்தான் போடறாங்க, கிழக்கு பார்த்து வெச்சா வெயில் கண்ணுல அடிச்சு மாடு நின்னுடும். சந்துக்கு மேல பாதிக்கு மட்டும் பச்சை வலை கட்டினாலும் நிழல் கோட்டில் நின்னுக்கும். கட்டினா முழுசாக் கட்டுங்க, இல்லைன்னா வேண்டாம்.

சேத்துக்கு: 50 அடிக்கு 1 அடி வாட்டம், அதாவது உங்க 30 அடிக்கு 7 இஞ்ச் இறக்கம். மேல் மண்ணும் சாணியும் கலந்த கறுப்பு அடுக்கை முழுசா வழிச்சு எடுத்துட்டு, 6 இஞ்ச் கிராவல் போட்டு இறுக்குங்க. 900 சதுர அடிக்கு நாலரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இறுகும்போது அமுங்கறதுக்குச் சேர்த்து அஞ்சரை யூனிட் சொல்லுங்க. அந்த அடுக்கை எடுக்காம மேலயே கொட்டினா ஒரே மழையில் கிராவல் உள்ளே போயிடும். தண்ணித் தொட்டி பட்டிக்குள்ள இருந்தா வெளியே மாத்திடுங்க, பாதிச் சேறு அங்கிருந்துதான் வரும்.

முள்கம்பி உள்ளே ஒரு வரிகூட வேண்டாம். கண்ணும் மடியும் போகும். உயிர்வேலிக்கு வெக்கற கிளுவை மரம் வெளி வேலியோட நிக்கட்டும். பட்டிக்குள்ள வெச்சா மாடு உரசியே துளிரைக் கருக்கிடும்.

வெல்டிங்_வேலை

கல்லுக்கால் இருக்குதே, பைப் செலவைக் குறைக்கலாம். சந்துக்கும் அதையே நட்டு, கீழ் 3 அடிக்குப் பைப்பைக் காலுக்கு உள்பக்கமா 26 இஞ்ச் இடைவெளியில் கட்டுங்க. மேல 2 அடிக்குக் காலுக்கு வெளிப்பக்கமாக் கட்டினா கொம்புக்கு இடம் கிடைச்சிடும்.

பட்டிக்காரர்

பட்டிச் சுத்துக்குக் கல்லுக்கால் நல்லது. பைப்பை உள்பக்கமா வெச்சு யூ கிளாம்ப் போட்டா, மாடு முட்டற பாரம் கிளாம்புக்குப் போகாம காலுக்குப் போகும். ஆனா சந்துக்கு மேல் பைப் வெளியே, கால் உள்ளேன்னு இருந்தா, மாடு பின்வாங்கும்போது கொம்பு காலுக்குப் பின்னாடி மாட்டிக்கும். கொம்பு முறியறதும் கழுத்து திருகறதும் அப்பத்தான். காங்கேயத்துக்கு அது ஆகாது.

சந்துக்கு மட்டும் பைப் காலைச் சாய்ச்சு நடுங்க. தரையில் உள் அகலம் 18 இஞ்ச், 5 அடி உயரத்தில் 32 இஞ்ச். பக்கத்துக்கு 7 இஞ்ச் சாய்வு. 3 அடி உயரத்தில் கிட்டத்தட்ட 26 இஞ்ச் வரும், பசு தாராளமாப் போகும். கிடாரி கீழ் அகலம் குறைவுங்கறதால திரும்பாது. நடறதுக்கு முன்னாடி உங்க மாட்டில் அகலக் கொம்பை டேப் வெச்சு அளந்துக்குங்க, மேல் அகலத்தை அதுக்கேத்த மாதிரி கூட்டிக்கலாம்.

நீளம் 18 அடி, மூணு மாடு நிக்கும். கால் 6 அடிக்கு ஒண்ணு, பக்கத்துக்கு 4, மொத்தம் 8. ஒவ்வொண்ணும் ஏழரை அடி, அதில் ரெண்டரை அடி கான்கிரீட்டில். குறுக்குப் பைப் பக்கத்துக்கு 6 வரி. 20 அடி நீளப் பைப் காலுக்கு 4, வரிக்கு 12, ஆக 16 நீளம். பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) 2 இஞ்ச் ஒரு நீளம் 30 கிலோ சுமார் வரும், எடை போட்டே வாங்குங்க. காலுக்கு வெட்டின பைப்பில் மிஞ்சற 5 அடித் துண்டு நாலும் பின்தடிக்கு ஆகும்: மாட்டுக்குப் பின்னாடி தரையிலிருந்து 30 இஞ்சில், வரிப் பைப்புக்கு நடுவுல சொருகற தடி. அது இல்லாம எந்த மாட்டுக்குப் பின்னாடியும் ஆள் நிக்கக் கூடாது.

கீழ் 3 அடியைப் பழைய கன்வேயர் பெல்ட் வெச்சு, பின்தடி சொருகற இடத்தில் மட்டும் ஓட்டை விட்டு, உள்பக்கமா மூடிடுங்க. வரிக்கு நடுவுல மாட்டுக் கால் சிக்காது, பக்கத்தில் நிக்கற ஆளைப் பார்த்தும் மிரளாது. தரையை மொழுமொழுன்னு பூசிடாதீங்க. கான்கிரீட் ஈரமா இருக்கறப்பவே குறுக்குக் கோடு கீறி விடணும்.

கிளுவைவேலி

ரொம்ப நன்றிங்க. தலையைத் தானாப் பிடிக்கற இரும்புக் கதவு ஒண்ணு விளம்பரத்தில் பார்த்தேன், அதை முன்னாடி வைக்கலாமா?

கால்நடை_ஊசி

அந்தக் கதவுகள் கொம்பில்லாத அல்லது குட்டைக் கொம்பு மாடுகளுக்கு ஏற்றவை. உங்களுக்கு முன்பக்கம் குறுக்குப் பைப் வைத்த சாதாரணக் கதவும், இரண்டு பக்கமும் தரையிலிருந்து இரண்டரை அடியில் ஒரு வளையமும் போதும். தலைக்கயிற்றை வளையத்தில் கோத்து, இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மூக்கணாங்கயிற்றைக் கம்பியில் கட்டவே வேண்டாம். மாடு ஒரு முறை உதறினாலே மூக்கு கிழிந்துவிடும்.

ஊசி கழுத்தில் போடுவது. வரிப் பைப்புக்கு நடுவே கையை விட்டுப் போட்டால், மாடு முன்னேறும்போது முழங்கை பைப்பில் மாட்டி முறியும். முன்னால் நிற்கும் மாட்டின் கழுத்து வரும் இடத்தில், மேல் இரண்டு அடிக்கு மட்டும் திறக்கும் சிறு கதவு வையுங்கள். சினை ஊசிக்கும் சினை பார்ப்பதற்கும் பின்புறம் ஆள் நுழைய 14 இஞ்ச் இடுக்கு வேண்டும். ஆளுக்குப் பின்னால் இன்னொரு தடி போட்டு, அடுத்த மாட்டை நிறுத்திய பிறகே உள்ளே போக வேண்டும்.

கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் புருசெல்லா (கருச்சிதைவு நோய்) ஊசி ஒரே ஒரு முறை. அது உயிருள்ள கிருமி கொண்ட மருந்து. கன்று துள்ளி ஊசி போடுபவர் கையில் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரலாம். எனவே கன்றுகளைப் பெரிய சந்தில் தளர்வாக விடாமல், ஒரு பக்கம் பலகை சொருகி அகலத்தைக் குறைத்து நிறுத்துங்கள்.

சந்து முடிந்ததும் உடனே ஊசிக்கு அடைக்காதீர்கள். இரண்டு வாரம் இரு முனையும் திறந்தபடி விட்டு, வெளியேறும் பக்கம் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வையுங்கள். முதல் தடவையே உள்ளே அடிபட்ட கிடாரி, அடுத்த முறை சந்தின் வாயிலேயே படுத்துவிடும்.

வெல்டிங்_வேலை

கொம்பு மாட்டும்னு சொன்னது சரிதாங்க, சாய்ச்ச காலே இருக்கட்டும். படலுக்கு ஒண்ணு: மூங்கிலை எடுத்துட்டு பைப் கேட் போடும்போது கீழ்க் கொண்டியை மேல் நோக்கியும், மேல் கொண்டியைக் கீழ் நோக்கியும் வெச்சு வெல்ட் பண்ணுங்க. ரெண்டும் மேல் நோக்கி இருந்தா, காளை தலையைக் கீழ கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினா கேட் கழண்டு கையோட வந்துடும். சங்கிலிக்குப் பழைய டியூப் சுத்திடுங்க, அந்தச் சத்தத்துக்கே பாதி மாடு வாயில் நிக்கும்.