குடும்பக் குழுவில் ஒரு துப்பாக்கி உறை

*அருண்:* [படம்]
நாடகத்துக்கான துப்பாக்கி உறை. மேலே மூடி வைத்த மாடல். பேட்டர்ன் வரைந்துவிட்டேன். குமார் சித்தப்பா, தோலில் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.

*பெரியப்பா:* துப்பாக்கியா? யாருக்கு? எதற்கு?

*திவ்யா:* மரத்துப்பாக்கி பெரியப்பா. செந்தில் அண்ணன் பிரிட்டிஷ் அதிகாரி வேஷம் போடுகிறார். சுட்டால் சத்தம்கூட வராது.

*குமார் சித்தப்பா:* பார்த்தேன். துப்பாக்கியைப் பேப்பரில் படுக்க வைத்து, சுற்றிப் பென்சில் ஓட்டி, அதற்கு வெளியே 1 செ.மீ. விட்டு இன்னொரு கோடு. அப்படித்தானே?

*அருண்:* ஆமாம். தையலுக்கு 1 செ.மீ. போதாதா?

*குமார் சித்தப்பா:* தையலுக்குப் போதும். துப்பாக்கிக்குத்தான் இடமில்லை. குண்டு போடும் உருளை இருக்கும் இடத்தில் தடிமன் எவ்வளவு?

*அருண்:* 3.6 செ.மீ.

*குமார் சித்தப்பா:* முன் துண்டு ஒரு பக்கம் அந்த 3.6ஐ ஏற வேண்டும், குறுக்கே போக வேண்டும், மறுபக்கம் இறங்க வேண்டும். நீ வரைந்திருப்பது நிழலின் அளவு.

*மீனா அத்தை:* சட்டையில் டார்ட், அதாவது துணியை மடித்துத் தைப்பது, இதற்குத்தான். தட்டைத் துணி உடம்பு மேல் உட்கார வேண்டுமே. தோலில் டார்ட் உண்டா குமார்?

*குமார் சித்தப்பா:* இல்லை அண்ணி. வெஜ் டேன், அதாவது மரப்பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோலை நனைத்துப் பொருள் மேல் வைத்து அமுக்கினால் அதுவே வடிவம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. இல்லாத தோலை இழுத்துக்கொண்டு வர முடியாது.

*திவ்யா:* அப்படியானால் அகலத்தோடு தடிமனை இரண்டு மடங்கு கூட்டினால் சரியாகிவிடுமா?

*குமார் சித்தப்பா:* செங்கல் மாதிரிச் சதுரமாக இருந்தால் சரி. துப்பாக்கி உருண்டையும் சரிவுமாக இருக்கிறது, அப்படிக் கூட்டினால் தொளதொளவென்று நிற்கும். கணக்கை விடு. அதே தோலில் ஒரு விரல் அகலத்துக்கு மிச்சத் துண்டு எடு. துப்பாக்கி மேல் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் மேஜை வரை அமுக்கு. தோல் மேஜையைத் தொடும் இடத்தில் நகத்தால் ஒரு கீறல். விரித்து அளந்தால் முன் துண்டுக்கு அந்த இடத்தில் வேண்டிய அகலம். தையல் விளிம்பு அதற்கு வெளியே.

*அருண்:* ஒரே இடத்தில் அளந்தால் போதுமா?

*குமார் சித்தப்பா:* குழல் முனை, குழலின் நடு, உருளை, விசையைச் சுற்றியிருக்கும் வளையமான விசைக்காப்பு. நான்கு இடத்திலும் அள. பேப்பரில் நடுக்கோடு ஒன்று போட்டு, அந்தந்த உயரத்தில் இரண்டு பக்கமும் புள்ளி வை. புள்ளிகளைச் சேர்த்தால் முன் துண்டு வந்துவிடும். பின் துண்டில் உன் பழைய நிழல் கோட்டை அப்படியே வைத்துக்கொள், அது இடுப்போடு தட்டையாக உட்காரும்.

*மீனா அத்தை:* இரண்டு துண்டும் வேறு வேறு அளவா? அப்புறம் ஓரம் எப்படிச் சேரும்?

*குமார் சித்தப்பா:* முன் துண்டு புடைத்து நிற்கும்போது அகலம் சுருங்கி ஓரம் பின் துண்டோடு வந்து நிற்கும். நல்ல கேள்வி அண்ணி. இதைத் தோலில் சோதிக்கக் கூடாது. அருண், 3 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வெட்டி கிளிப் போட்டுப் பார். உன் தோலும் 3 மி.மீ.தானே?

*அருண்:* பில்லில் 8 அவுன்ஸ் என்று போட்டிருக்கிறது.

*குமார் சித்தப்பா:* தோலில் ஒரு அவுன்ஸ் என்பது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. அப்படியென்றால் 3.2. சரியான தோல்தான். ஃபோமில் பொருந்தினால் தோலிலும் பொருந்தும்.

*மீனா அத்தை:* அருண், என் கத்தரிக்கோலைத் தொட்டிருக்கிறாயா? பெட்டியில் காணோம்.

*அருண்:* பேப்பர் மட்டும்தான் வெட்டினேன் அத்தை…

*மீனா அத்தை:* பேப்பர் வெட்டினால் முனை மழுங்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே வந்து சேர வேண்டும்.

*குமார் சித்தப்பா:* நனைத்த தோல் பக்கம் அதைக் கொண்டு போகவே போகாதே. ஈர வெஜ் டேனில் இரும்பு பட்டால் கருநீலக் கறை பிடிக்கும், சாயம் போட்டாலும் தெரியும்.

*பெரியப்பா:* பிரிட்டிஷ் அதிகாரி என்றால் குறுக்குப் பட்டை உண்டா? சாம் பிரவுன் பெல்ட் என்று பெயர். அந்த சாம் பிரவுன் 1858இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையால் வாளை உருவ வசதியாக அந்தப் பட்டையை யோசித்தார்.

*குமார் சித்தப்பா:* அவர் பெயரில் ஒரு பித்தளைக் குமிழ்கூட இருக்கிறது அண்ணா. அருண் மூடியைப் பூட்டப்போவது அதில்தான்.

*அருண்:* மூடிக்கே இன்னும் வரவில்லையே சித்தப்பா. பின் துண்டும் மூடியும் ஒரே துண்டாக வரைந்திருக்கிறேன். சரியா?

*குமார் சித்தப்பா:* சரி. பின்னால் இருந்து எழும்பி, கைப்பிடி மேல் வளைந்து, முன்னால் விழ வேண்டும். ஆனால் மூடியின் நீளத்தை இப்போது முடிவு செய்யாதே.

*திவ்யா:* ஏன்? வளைவுக்குக் கணக்கு இருக்கிறது. அரைவட்டமாகத் திரும்பும் தோலில் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வித்தியாசம் பை (π) இன்டு தடிமன். 3.2 மி.மீ. என்றால் சுமார் 10 மி.மீ. நடுவில் பிடித்தால் 5 கூட்டினால் போதும்.

*குமார் சித்தப்பா:* தகடாக இருந்தால் நீ சொல்வது சரி. தோலில் மினுக்கு, அதாவது வழவழப்பான வெளிப்பக்கம், அவ்வளவாக நீளாது, உள்பக்கச் சதைதான் சுருங்கிக் கொடுக்கும். அதனால் முழு 10 வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, மூடியை 3 செ.மீ. அதிகம் விட்டு வெட்டுவது. உடம்புப் பகுதியைத் தைத்து, நனைத்து, துப்பாக்கியை உள்ளே வைத்து மூடியையும் வளைத்துக் காயவிடு. காய்ந்த பிறகு அது தானாக எங்கே விழுகிறதோ அங்கே வளைவு வரைந்து வெட்டு. குமிழின் இடமும் அப்போதுதான். பேப்பரிலேயே ஓட்டை போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மூடி இழுத்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் கொட்டாவி விடும்.

*அருண்:* ஓட்டை எவ்வளவு பெரிது?

*குமார் சித்தப்பா:* குமிழின் தலை நுழையும் அளவுக்குப் போடாதே, கழுத்தின் அளவுக்குப் போடு. தலை நுழைய ஓட்டையிலிருந்து மேல்நோக்கி ஒரு சின்னக் கீறல். பூட்டிய பிறகு கழுத்து ஓட்டையின் கீழ் விளிம்பில் அழுந்தும். கீறல் கீழே இருந்தால் தானாகக் கழன்றுவிடும்.

*திவ்யா:* மேடையில் அவசரமாக உருவ வேண்டிய காட்சி இருக்கிறது.

*குமார் சித்தப்பா:* மூடி உறையில் அவசரம் கிடையாது. மழை, தூசி, முட்செடி படாமல் காப்பாற்றத்தான் மூடி. அந்தக் காட்சிக்கு முன்னாலேயே செந்திலைக் குமிழைக் கழற்றி வைக்கச் சொல்.

*அருண்:* தோலில் பேட்டர்னை எந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும்?

*குமார் சித்தப்பா:* முதுகெலும்பு ஓடிய திசையில் நீளம். அந்தத் திசையில் தோல் குறைவாக நீளும், மூடி நாளாக நாளாகத் தொங்காது. வயிற்றுப் பக்கத் தோல் வேண்டவே வேண்டாம். அப்புறம், ஃபோமில் சரிபார்த்த பிறகு பேட்டர்னைக் கெட்டி அட்டைக்கு மாற்று. ஒவ்வொரு அட்டையிலும் எது மினுக்குப் பக்கம் என்று பெரிதாக எழுது. முன் துண்டும் பின் துண்டும் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி எதிரெதிராக வரும்.

*அருண்:* நனைக்கும்போது மரம் ஊறாதா?

*குமார் சித்தப்பா:* ஒட்டும் பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்று. தோலைத் தண்ணீரில் காற்றுக் குமிழி வருவது அடங்கும் வரை நனைத்தால் போதும், ஊறப் போடாதே. நிழலில் காயட்டும். வெயிலிலோ டிரையரிலோ காட்டினால் விறைத்துச் சுருங்கும், நீ அளந்த அளவெல்லாம் வீண்.

*மீனா அத்தை:* ஒன்று கேட்க மறந்துவிட்டேன். செந்தில் இடது கைக்காரன் இல்லையா?

*திவ்யா:* ஐயோ, ஆமாம்!

*அருண்:* நான் வலது இடுப்புக்கு வரைந்திருக்கிறேனே.

*குமார் சித்தப்பா:* அட்டையைக் குப்புறத் திருப்பு, இடது இடுப்புக்கு ஆகிவிடும். அளவு ஒன்றும் மாறாது. மினுக்குப் பக்கம் என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டு மறுபக்கம் எழுது. இதனால்தான் அட்டைக்கு மாறும் முன் தோலைத் தொடாதே என்றேன்.

*பெரியப்பா:* அதே உறையை வலது இடுப்பில் மாட்டினால் கைப்பிடி முன்னால் பார்த்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குதிரைப்படையினர் அப்படித்தான் மாட்டினார்கள்.

*திவ்யா:* இவர் குதிரையே இல்லாத பிரிட்டிஷ்காரர் பெரியப்பா.

*அருண்:* [படம்]
ஃபோமில் வெட்டி கிளிப் போட்டாயிற்று. துப்பாக்கி நுழைகிறது, விசைக்காப்பு இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்கிறது.

*குமார் சித்தப்பா:* அந்தப் புள்ளியை மட்டும் 3 மி.மீ. வெளியே தள்ளி, வளைவைத் திரும்பவும் சேர்த்து வரை. மற்றதைத் தொடாதே.

*மீனா அத்தை:* அந்த ஃபோமை எதை வைத்து வெட்டினாய்?