லிட்டில் வெனிஸ் படகுத் திருவிழா: சென்று வந்தவர்களின் அனுபவங்கள்

லண்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையும் சந்திக்கும் குளம் போன்ற இடத்துக்கு லிட்டில் வெனிஸ் என்று பெயர். மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் அங்கே நடக்கும் 'கேனல்வே கேவல்கேட்' என்ற படகுத் திருவிழாவை கால்வாய்களைக் காக்கப் பாடுபடும் இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு 1983ஆம் ஆண்டில் தொடங்கியது. கொடி கட்டிய படகுகள், மாரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற நடனம், கைவினைக் கடைகள் என்று பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தாலும், என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவர் தண்ணீர்க் கேனுக்கு ரோஜா வரைந்துகொண்டிருந்த ஓர் அம்மையார்தான்.

அவர் பென்சிலால் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. கருஞ்சிவப்பில் வட்ட வட்டமாகப் பொட்டுகள் வைத்து, அவை காய்ந்த பிறகு, வெளிர்நிற எனாமலில் தூரிகையைத் தோய்த்து ஓர் இழுப்புக்கு ஓர் இதழ் என்று போட்டுக்கொண்டே போனார். போட்ட இதழை மறுபடி தொடவில்லை. திருத்தினால் பூ செத்துவிடும் என்றார். ரோஜாக்களோடு கோட்டைகளையும் வரையும் இந்தப் பாணி, 19ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகுகளில் குடும்பத்தோடு வாழ்ந்தவர்களிடையே பரவியது. ரயிலோடு போட்டியிட்டதில் படகுத் தொழிலின் வருமானம் குறைய, கரையில் வீடு வைத்துக்கொள்ள வழியில்லாத பலர் மனைவி மக்களோடு படகிலேயே குடியேறினார்கள். சுமார் 10 அடி நீளமும் 7 அடிக்கும் குறைந்த அகலமுமான பின்பக்க அறைதான் அவர்களுக்குச் சமையலறை, படுக்கையறை எல்லாம். அந்த அறையின் மாதிரி ஒன்றுக்குள் குனிந்து நுழைந்து பார்த்த பிறகு, கதவு, முக்காலி, வாளி என்று கைபட்ட இடமெல்லாம் ஏன் பூ வரைந்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

படகு ஓட்டும் போட்டியையும் தவறவிடக் கூடாது. 60, 70 அடி நீளமுள்ள நேரோபோட் என்ற குறுகலான கால்வாய்ப் படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது, படகை உந்தும் விசிறியின் நீரோட்டம் சுக்கான் மேல் படாததால், சுக்கான் ஏறக்குறைய பயனற்றுப் போகிறது. பக்கக் காற்று வீசினால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. கரையிலிருந்து ஆலோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

•

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். நான் படகில் குடியிருப்பவன்; அதனால் அந்தத் திருவிழாவை உள்ளேயிருந்து பார்த்தவன். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத எங்களைப் போன்றவர்கள், 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. ஆகையால் பழகிய அண்டை வீட்டார் அடுத்த மாதம் எந்தப் பாலத்தடியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடும் அந்த மூன்று நாட்களில் பார்வையாளர்களுக்குத் தெரியாத இன்னொரு திருவிழா நடக்கிறது என்பேன்.

இடம் போதாமல் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டுவதால், வெளிப்பக்கம் இருப்பவர் கரையேற அடுத்தவர் படகின் முன்தளத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். மெல்ல அடி வைக்க வேண்டும், சன்னலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பவை எழுதாத சட்டங்கள். எழுதிய சட்டமும் ஒன்று உண்டு: நிறுத்தி வைத்த படகில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை எஞ்சினை ஓட்டக் கூடாது. எஞ்சின்கள் ஓய்ந்த பிறகுதான் அக்கார்டியனும் பிடிலும் வெளியே வரும். அப்படியொரு மாலையில், என் படகின் மேல் தினமும் நடந்து போன பக்கத்துப் படகுக்காரர், நிலக்கரி அடுப்பில் சுட்ட ரொட்டியோடு வந்து உட்கார்ந்து, புகைக்குழாயின் கசிவை எப்படி அடைப்பது என்று நள்ளிரவு வரை பேசினார். பேச்சு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்: கழிவுத் தொட்டி, சூரியத் தகடு, டீசல் விலை, எங்களைப் போன்ற படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் விதிக்கப்படும் கூடுதல் உரிமக் கட்டணம். கலை வார இறுதி என்று வந்தவர்கள் கேட்டால் ஏமாந்து போவார்கள்.

•

குழந்தைகளோடு செல்பவர்களுக்காக ஒரு செய்தி. அங்கே கட்டியிருந்த பழைய சரக்குப் படகு ஒன்றுக்குள் 'பப்பட் தியேட்டர் பார்ஜ்' என்ற பொம்மலாட்ட அரங்கு இருக்கிறது. நூல் கட்டிய மரப்பொம்மைகளை மேலே நின்று ஆட்டுகிறார்கள். இடையில் வேறு படகு கடந்து போனால் அரங்கமே லேசாக அசையும். என் மகள் அதையும் நாடகத்தின் பகுதி என்றே நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை இரவு விளக்கு அலங்காரப் படகு ஊர்வலம் உண்டு. கூட்டத்தில் கரையோர நடைபாதை மிகவும் நெருக்கமாகிவிடுவதால், தள்ளுவண்டியைத் தவிர்ப்பது நல்லது. வாரிக் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை குறைவு.