பழைய வில்லைச் சுவரில் மாட்டுவதா, காட்டுக்கு எடுத்துப் போவதா?

நாணேற்றி:
மிச்சிகனில் ஒரு வீட்டுச் சாமான் ஏலத்தில் பேர் ஆர்ச்சரி கம்பெனியின் கோடியாக் மேக்னம் ரீகர்வ் வில், அதாவது நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில், ஒன்று கிடைத்தது. நீளம் 52 அங்குலம், 28 அங்குலம் இழுத்தால் இழுவிசை 45 பவுண்டு. கூடவே ஒரு பெட்டியில் மர அம்புகளும் ரேசர்ஹெட் என்ற வேட்டை அம்பு முனைகள் சிலவும். விற்றவர் இது 1953இல் செய்தது என்று சத்தியம் பண்ணாத குறை, வில்லின் மேலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. கைப்பிடியில் நாணயம் மாதிரி ஓர் உலோக முத்திரை மரத்தோடு மட்டமாகப் பதிந்திருக்கிறது. அக்டோபர் 1 வில் வேட்டை சீசன் தொடங்கியதும் இதோடுதான் வெள்ளைவால் மானுக்குப் போவது என்று முடிவு. வேட்டைக்கு உடன் வருகிறவர்களில் பாதிப் பேர் ‘பொக்கிஷத்தை உடைக்கப் போகிறாய்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘மானைச் சித்திரவதை செய்யப் போகிறாய்’ என்கிறார்கள். எய்வதற்காகச் செய்த பொருளை எய்தால் என்ன தப்பு? யாராவது உருப்படியான காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

தூசிதட்டி:
முதலில் அந்த 1953 கதையை முடித்துவிடலாம். அது கனடாவில் காப்புரிமை வாங்கிய வருஷம், வில் செய்த வருஷம் இல்லை. அதே எழுத்து பல வருஷம் தொடர்ந்து அச்சாகியிருக்கிறது, அதைக் காட்டி ஏலத்தில் விலை ஏற்றுவதும் அதே அளவுக்குத் தொடர்ந்து நடக்கிறது. மட்டமாகப் பதித்த உலோக முத்திரை என்றால் 1959க்கும் 1972க்கும் இடைப்பட்டது. அப்புறம் வந்தவற்றில் மேடாக நிற்கும் பிளாஸ்டிக் முத்திரைதான். ஆக, உங்களுடையது மிச்சிகனின் கிரேலிங் ஊரில் இருந்த தொழிற்சாலையில் செய்தது. 1978இல் கம்பெனி புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லுக்குப் போய்விட்டது, அதனால் சேகரிப்பவர்கள் கிரேலிங் வில்லை ஒரு படி மேலே வைப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு. அந்த வில்லில் ஃபைபர்கிளாஸையும் மரத்தையும் பிடித்து வைத்திருப்பது அறுபது வருஷத்துப் பசை. வெயிலில் நின்ற காருக்குள் எத்தனை கோடைகாலம் கிடந்தது, அம்பு இல்லாமல் யார் எத்தனை தடவை நாணை இழுத்து விட்டார்கள், எதுவும் உங்களுக்குத் தெரியாது. உடைந்தால் இன்னொன்று செய்து தர அந்தத் தொழிற்சாலையும் இல்லை, அந்தக் கைகளும் இல்லை. கம்பெனியைத் தொடங்கிய பிரெட் பேரே கிரேலிங் அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்த வில்கள் இன்று மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கின்றன, அவற்றை எடுத்து யாரும் மான் அடிக்கப் போவதில்லை.

நாணேற்றி:
வருஷக் கணக்குக்கு நன்றி, ஏலக்காரர் முகத்தைத் திரும்பப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டு உதாரணம் இங்கே ஒட்டவில்லை. அங்கே இருப்பவை பேரின் சொந்தச் சேகரிப்பு. என்னுடையது ஆயிரக்கணக்கில் தொழிற்சாலையில் செய்து கடை கடையாக விற்ற வேட்டை வில், ஒன்று உடைந்தால் வரலாறு ஒன்றும் காணாமல் போகாது. மெருகைச் சுரண்ட மாட்டேன், குறிகாட்டி பொருத்த ஓட்டை போட மாட்டேன், அதற்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன்.

காம்பவுண்ட்_கட்சி:
வில் உடைவதைப் பற்றி இவ்வளவு கவலை, மானைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை நான் சொல்கிறேன்.

45 பவுண்டு ரீகர்விலிருந்து வேட்டைக்கான கனமான அம்பு நொடிக்கு 160, 170 அடி வேகத்தில் போகும். 20 கஜம் என்பது 60 அடி, போய்ச் சேர மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஆகிறது. நாணின் சத்தம் நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும், அதாவது அம்புக்கு ரொம்ப முன்னாலேயே மான் காதில் விழுந்துவிடும். பாய்வதற்காக அது சட்டென்று உடம்பைத் தாழ்த்தும், நீங்கள் நுரையீரலுக்குக் குறி வைத்தது முதுகில் போய் ஏறும். கப்பிகள் வைத்த இன்றைய காம்பவுண்ட் வில்லில் அம்பு நொடிக்கு 300 அடியைத் தொடுகிறது, அதே தூரத்துக்கு 0.2 நொடி போதும். வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காம்பவுண்டுக்குக் காப்புரிமை வாங்கினார், அதன்பின் வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏன் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று யோசியுங்கள். பழைமை மோகம் உங்களுக்கு, வலி மானுக்கா?

மரஅம்பு:
கணக்கு சரி, ஆனால் வசதியான இடத்தில் நிறுத்திவிட்டீர்கள். 300 அடி வேகம் கையில் இருப்பதால் உங்கள் ஆட்கள் 20 கஜத்திலா நிற்கிறார்கள்? 40 போகிறார்கள், 50 போகிறார்கள். 40 கஜத்தில் உங்கள் அம்புக்கு 0.4 நொடி, வழியில் வேகம் குறைவதைச் சேர்க்காமலே. 15 கஜத்தில் இவருடைய ரீகர்வுக்கு 0.27 நொடி. எந்த மானுக்கு நகர அதிக நேரம் கிடைக்கிறது? மேலும் அம்பு கொல்வது தோட்டா மாதிரி அதிர்ச்சியால் இல்லை, வெட்டி இரத்தம் போக்கித்தான். கூர்மையான முனையும் கனமான அம்பும் சரியான இடமும் அமைந்தால் 45 பவுண்டு வெள்ளைவால் மானுக்குப் போதும். அலாஸ்காவின் விதிகளிலேயே மானுக்கு 40 பவுண்டு, மூஸ் என்ற மிகப் பெரிய மானுக்கு 50 பவுண்டு என்றுதான் குறைந்தபட்சம். வில்லின் வயதை அங்கே யாரும் கேட்பதில்லை.

விஸ்கான்சினில் 1934இல் வில்லுக்கென்று தனி மான் சீசன் கொடுத்தபோது யார் கையிலும் ஃபைபர்கிளாஸ்கூட இல்லை, வெறும் மர வில். கிட்டே போகத் தெரிந்தவர்களுக்காக வந்த சீசன் அது.

நாணேற்றி, தூசிதட்டி சார் பயமுறுத்துகிறார் என்று விட்டுவிடாதீர்கள், அவர் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனால் பார்த்தால் பதில் கிடைக்கிற கேள்வி. பஞ்சை எடுத்து வில்லின் இரு கைகளின் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள்) ஓரத்திலும் மெதுவாகத் தடவுங்கள். சிலும்பு எழுந்திருந்தால், ஒட்டு விட்டிருந்தால், பஞ்சு மாட்டும். ஃபைபர்கிளாஸில் நீளவாக்கில் மயிரிழைக் கீறல்கள் இருப்பது இந்த வயதில் சகஜம், குறுக்கே ஓடும் விரிசல் இருந்தால் சுவரில் மாட்டிவிடுங்கள். நாணேற்றக் கயிற்றுக் கருவியைப் பயன்படுத்துங்கள். காலுக்கு நடுவே விட்டு வளைக்கிற பழக்கம்தான் பாதிப் பழைய வில்களை முறுக்கிவிட்டது. நாண் டேக்ரானாக, அதாவது சற்றே நீளும் பாலியெஸ்டர் இழையாக, மட்டுமே இருக்கட்டும். நீளாத நவீன நாணை அந்தக் காலத்து வில்லில் போட்டால் அதிர்ச்சி முழுக்க நுனிக்குப் போகும், அந்த நுனிகள் அதற்காகச் செய்தவை இல்லை. அம்பு எடை வில்லின் இழுவிசையில் ஒரு பவுண்டுக்கு 9, 10 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்), அதாவது மொத்தம் 400 கிரெயினுக்கு மேல். இலேசான அம்பு கிட்டத்தட்ட வெறும் நாணை விடுவதற்குச் சமம். நாணை மாட்டி ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, அப்புறம் முதலில் பாதி இழுப்பு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு இழுப்பு. அவசரம் வேண்டாம்.

பெட்டியில் வந்த மர அம்புகளை மட்டும் எய்யாதீர்கள். உலர்ந்த தேவதாரு அம்பு வெளியே பளபளவென்று இருக்கும், விடும்போது இரண்டாகி உங்கள் கையிலேயே ஏறும்.

தூசிதட்டி:
மரஅம்பு சொன்ன சோதனைகள் மரமும் ஃபைபர்கிளாஸும் அடுக்கி ஒட்டிய ரீகர்வுக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘எய்வதற்காகச் செய்ததுதானே’ என்ற வாக்கியத்தை இங்கே படிக்கிற ஒருவர் 1950களின் எஃகுக் குழாய் வில்லை எடுத்து இழுத்துப் பார்ப்பார். அது உள்ளுக்குள் துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாமல் முகத்துக்கு எதிரே முறியும். எழுபதுகளின் முதல் காம்பவுண்ட்களும் அப்படித்தான், எஃகு கேபிள் நைந்திருக்கும், மாற்றுப் பாகம் தேடியே வயதாகிவிடும். இவற்றுக்குப் பஞ்சு சோதனை எதுவும் உதவாது. எல்லாப் பழைய வில்லும் எய்யத் தகுந்தது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றபடி உங்கள் மேக்னத்தை நான் காட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன், மனசு வராது.

காம்பவுண்ட்_கட்சி:
தூரக் கணக்கில் மரஅம்பு ஒரு புள்ளி எடுத்துவிட்டார், சரி. ஆனால் வேகத்தைவிட முக்கியமான ஒன்றை இருவரும் தாண்டிப் போகிறீர்கள். 60 பவுண்டு காம்பவுண்டை முழுக்க இழுத்தபின், கப்பிகள் 80 சதவீதச் சுமையைக் குறைத்துவிட்டால், விரலில் நிற்பது 12 பவுண்டு. மான் ஒரு எட்டு எடுத்து வைக்கட்டும் என்று காத்திருக்கலாம். இவர் 45 பவுண்டு முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் 52 அங்குல வில்லில். அவ்வளவு குட்டை வில்லை முழுக்க இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களைக் கடிக்கும், விடுவிப்பு கெடும். இதயம் படபடக்கும்போது கை நடுங்கி, பாதி இழுப்பிலேயே விட்டுவிடுவார்கள். காயத்தோடு ஓடுகிற மான்கள் அங்கேதான் உருவாகின்றன.

மரஅம்பு:
விரல் கடிப்பது உண்மை, அதற்கு மறுப்பு இல்லை. புதிதாக ரீகர்வுக்கு வருகிறவருக்கு நான் 60 அங்குலம்தான் சொல்வேன். மேக்னம் தரையில் ஒளிந்து உட்காருகிறவர்களுக்குச் செளகரியம், இழுப்பு நீளம் அதிகமானவர்களுக்குத் தொல்லை. பிடித்துக் காத்திருப்பதைப் பற்றி: ரீகர்வ்காரர் இழுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை, காத்திருந்துவிட்டு இழுக்கிறார். மான் தலை மரத்துக்குப் பின்னால் போகும்வரை வில் மடியில். அந்தக் கணம் வராமலே போகும் நாள்கள்தான் அதிகம், வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வில்லை எடுக்க வேண்டும். இதைப் பழகாமல் இந்த அக்டோபரிலேயே போவேன் என்றால் நான் உங்கள் கட்சி.

நாணேற்றி:
பஞ்சு எங்கும் மாட்டவில்லை. குறுக்கு விரிசல் இல்லை, மேல் கை மட்டும் ஓர் ஓரமாகச் சற்றே முறுக்கியிருக்கிறது. என் இழுப்பு 27 அங்குலத்துக்கு மேல் போகாது, அதனால் விரல் கடிப்பு அவ்வளவு தெரியவில்லை. தராசில் மாட்டிப் பார்த்தால் 42 வருகிறது. கோடை முழுக்க 15 கஜத்தில் மட்டும் எய்யப் போகிறேன், காகிதத் தட்டுக்குள் முதல் அம்பு விழாத நாள்கள் அதிகமாக இருந்தால் இந்த சீசன் காம்பவுண்டோடுதான். ஆனால் அந்த ரேசர்ஹெட் முனைகளைத் தீட்டி வைத்துக்கொள்வேன், அதை விட மாட்டேன்.

காம்பவுண்ட்_கட்சி:
தீட்டுவதற்கு முன் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மிச்சிகனில் மானுக்கு முனை குறைந்தது 7/8 அங்குலம் அகலம் இருக்க வேண்டும், முன்பு வைத்திருந்தவர் எத்தனை வருஷம் அரம் போட்டாரோ தெரியாது. 42 பவுண்டு எனக்கு இன்னும் திருப்தியில்லை, அதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

தூசிதட்டி:
ஐயோ, அரமா? ரேசர்ஹெட் 1956இல் வந்த முனை. அலகுக்குக் குறுக்கே செருகும் மெல்லிய சிறு பிளேடு கூடவே வரும், அதைத்தான் முதலில் எல்லோரும் தொலைப்பார்கள். பெட்டியில் அந்தப் பிளேடுகள் இருக்கின்றனவா? இருந்தால் ஒன்றையும் தீட்டாமல் எனக்கு எழுதுங்கள், அதற்குப் பதிலாக ஒரு டஜன் புது முனை வாங்கித் தருகிறேன்.