சீபாப் மாஸ்க் போட்டு மூஞ்சி சிவந்தவங்க இங்க வாங்க (மும்பை அனுபவங்கள்)

செம்பூர்க்காரன்

எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு அடிக்கடி அடைபடுற வியாதி. ராத்திரி தூக்கத்தை அளந்து பாக்குற ஸ்லீப் ஸ்டடியில ஏஹெச்ஐ 42, அதாவது மணிக்கு 42 தடவை மூச்சு நிக்குது இல்லேன்னா குறையுது. முப்பதைத் தாண்டினாலே தீவிரம்னு கணக்கு. மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பி தொண்டையைத் திறந்து வைக்கிற சீபாப் மெஷின் வந்துச்சு, குறட்டை நின்னுச்சு, ஹால்ல படுத்திட்டிருந்த வீட்டுக்காரம்மா ரூமுக்குத் திரும்பினாங்க. ஜூன் மாசம் மழை பிடிச்சதும் புதுத் தொல்லை. மூக்குத் தண்டு மேல தோல் வழண்டு எரிச்சல். ரெண்டு கன்னத்துலயும் மாஸ்க் பட்டை போற வழியில அரிக்கிற சிவப்புக் கோடு. தாடையோரம் பொடிப்பொடியா கொப்புளம். ஆபீஸ்ல ஒருத்தன் "வீட்ல பூரிக்கட்டையா பாஸ்?"னு கேட்டான்.

மாஸ்க் வித்த ஆளு போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார்: "சிலிகான் அலர்ஜி சார், வேற மாடல் எடுத்துக்குங்க." அவருக்கென்ன, இன்னொரு மாஸ்க் வித்துடும்.

தோல் டாக்டரம்மா மாஸ்கையும் மெஷினையும் கொண்டுவரச் சொன்னாங்க. பெட்ல படுத்து, வீட்ல போடுற மாதிரியே போட்டுக் காட்டச் சொன்னாங்க. அப்புறம் சொன்னது இதுதான்: மூணு இடத்துல சிவந்திருக்கு, மூணுக்கும் காரணம் வேற வேற. மூக்குத் தண்டு இறுக்கத்தால. கன்னத்துக் கோடு பட்டையோட சரக்கால. தாடைக் கொப்புளம் வேர்வையும் எண்ணெயும் அடைச்சதால. சுத்தமான சிலிகானுக்கே அலர்ஜி வர்றது ரொம்ப அபூர்வமாம். சிலிகானுக்கும் தோலுக்கும் நடுவுல மாட்டிக்கிற வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, சரியா அலசாத சோப்பு, இதுங்கதான் பெரும்பாலும் வேலையைக் காட்டுதாம்.

இறுக்கம் பத்தி அவங்க விளக்கினதைத்தான் முக்கியமா எழுதணும்னு உக்காந்தேன். மாஸ்க் குஷனைப் பாத்தீங்கன்னா பலதுல ரெண்டு அடுக்கு இருக்கும். உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு. மெஷின் காத்து அதுக்குள்ள புகுந்து உப்பித்தான் மூஞ்சியோட ஒட்டணும். பட்டையை இழுத்துக் கட்டினா சவ்வு மடங்கிடும், காத்து ஒழுகும். ஒழுகுதேன்னு இன்னும் இழுப்போம். கடைசில பாரம் முழுக்க மூக்கு எலும்பு மேல வந்து உக்காரும். அங்க சதையே கிடையாது, தோல்தான்.

அதனால பட்டையெல்லாம் தளர்த்திட்டு, படுத்து, மெஷினை ஓட விட்டு, அப்புறம் மாட்டணும். உக்காந்து சரிபண்ணினா படுத்ததும் கன்னம் சரிஞ்சு அளவு மாறிடும். மாஸ்கை மூஞ்சியிலேர்ந்து ஒரு தடவை முன்னால இழுத்து, குஷன் உப்பினதும் மெதுவா விடணும்.  பட்டைக்கடியில ரெண்டு விரல் தாராளமா நுழையணும். மெஷின்ல எனக்கு வச்ச காத்து பிரஷர் 11. ரேம்ப்ல (தூங்கப் போறப்போ பிரஷரை மெதுவா ஏத்துற ஏற்பாடு) நாலுலேர்ந்து ஏறும்போது சரியா இருக்கிறது பதினொண்ணுல ஒழுகும், அதனால முழு பிரஷர்ல வச்சுத்தான் பாக்கணும். மூக்குப் புண் இதுலயே ஆறிடுச்சு. கன்னத்துக் கோடு மட்டும் போகல, அதைப் பின்னால சொல்றேன். உங்க கதையையும் எழுதுங்க.

முலுண்ட் மாமி

குறட்டை, தூக்கத்துல மூச்சடைக்கறதெல்லாம் ஆம்பளைகள் வியாதின்னு எங்காத்துல எல்லாரும் நினைச்சுண்டிருந்தா. மெனோபாஸுக்கப்புறம் பொம்மனாட்டிகளுக்கும் நிறையவே வர்றதுன்னு டாக்டர் சொன்னார்.

என் பிரச்சினை மூக்குத்தி. ரெண்டு பக்கமும் குத்திண்டவ நான். மூஞ்சில அச்சு விழாதுன்னு முதல்ல மூக்குத் துவாரத்துல வச்சுக்கற பில்லோ வகை குடுத்தா. உள்பக்கத் திருகுல அது ராத்திரி பூரா உரசி, நாலு நாள்ல புண்ணாகிடுத்து. மூக்குத்தியைக் கழட்டிட்டுப் படுங்கோன்னான் மாஸ்க் குடுத்த பையன். இந்த வயசுல கழட்டினா துவாரம் தூர்ந்து போயிடாதோ? அதோட, கழட்ட மனசும் வரலை. அப்புறம் மூக்கை முழுசா மூடற நேசல் மாஸ்க், அதுல வைட் சைஸ். ஓரம் மூக்குத்தியைத் தாண்டி கன்னத்துல உக்கார்றது. கல்லும் தப்பிச்சது, மூக்கும் தப்பிச்சது. சைஸ் பாக்க அட்டையில ஒரு அளவு வச்சிருப்பா, கேட்டு வாங்கி மூக்குல வச்சுப் பாருங்கோ. கேக்காட்டா எல்லாருக்கும் மீடியம்தான்.

இன்னொண்ணு, ராத்திரி விபூதி இட்டுண்டு படுக்கறவா கவனிங்கோ. நெத்தியில பேட் வர்ற மாடலா இருந்தா அந்தப் பொடி அடியில அரைபட்டு நெத்தி சிவந்துடும். நான் சாயங்காலமே இட்டுண்டு, படுக்கறச்சே அலம்பிடறேன். சுவாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டார். தேங்காயெண்ணெயும் கூடவே கூடாது, குஷன் வழுக்கிண்டு போறது. க்ரீம் தடவணும்னா படுக்க ஒரு மணி நேரம் முன்னாடியே தடவிடுங்கோ.

கோலிவாடா தம்பி

எங்க அப்பா கதை. மாஸ்க் ஓரத்துல வட்டமா சிவந்திருந்துச்சு. தெரு முனை மெடிக்கல்ல காட்டினாரு. சீட்டு கீட்டு ஒண்ணும் கேக்கல, ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தாங்க. மூணு நாள்ல மூஞ்சி பளிச்சுனு ஆயிடுச்சு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ராத்திரி ராத்திரி தடவிட்டு அதுக்கு மேல மாஸ்க். தடவுறதை நிறுத்தினா முன்னைவிட சிவக்கும், மறுபடி தடவுவாரு. இப்படியே ரொம்ப நாள் ஓடுச்சு. அப்புறம் கன்னத்துல ரத்தக்குழாய் நூல் நூலா தெரிய ஆரம்பிச்சுது. வெயில்ல போனா நெருப்பு வச்ச மாதிரி இருக்குன்னாரு.

சயான் ஆஸ்பத்திரி ஸ்கின் ஓபிடியில அந்த ட்யூபைப் பார்த்ததுமே டாக்டர் தலையில கை வச்சாரு. வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்காளான் மருந்து, ஆன்டிபயாடிக் மூணும் ஒண்ணா கலந்த சரக்கு. இந்த மாதிரி கேஸ் தினம் வருதாம், அதுக்குன்னு ஒரு பேரே வச்சிருக்காங்களாம். ஸ்டீராய்டு க்ரீம் பலதையும் 2018-லயே அட்டவணை எச்-க்குள்ள கொண்டுவந்து, சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆக்கியாச்சு. ஆனா கேட்டா கிடைக்குது, எங்க ஏரியாவுல கேக்காமயே கிடைக்குது.

பட்டுனு நிறுத்தினா மூஞ்சி வெடிச்சுடும்னு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. மாஸ்க் ஓரத்துல வந்த சிவப்புக்கு என்ன காரணம் தெரியுமா? குஷனை அவரு கழுவவே இல்ல. விரல்ல தடவினா மஞ்சளா ஒட்டுச்சு.

நெருல் நர்ஸ்

தம்பி சொன்னதை ரெண்டு தடவை படிங்க எல்லாரும்.

நான் ஐசியூவில இருக்கேன். எங்க நோயாளிகளுக்கு பைபாப் (சீபாப் மாதிரிதான், மூச்சு இழுக்க ஒரு பிரஷர், விட ஒரு பிரஷர்) மாஸ்க் பகல் ராத்திரி பாராம மூஞ்சியில இருக்கும். அதனால சிவக்கிறதுக்கு முன்னாடியே மூக்குத் தண்டுல ஹைட்ரோகொல்லாய்டு பேட்ச் (தோலைக் காப்பாத்த ஒட்டுற ஜெல் மாதிரி பட்டி) ஒண்ணு ஒட்டிடுவோம். வீட்ல போடுறவங்களும் மெல்லிசா வெட்டி ஒட்டிக்கலாம். தடிமனா ஒட்டினா காத்து ஒழுகும்.

காலையில சிவப்பு தெரிஞ்சா விரலால அழுத்திப் பாருங்க. வெளுத்துட்டுத் திரும்ப சிவந்தா பயமில்ல, அரை மணியில போயிடும். அழுத்தினாலும் வெளுக்காம அப்படியே இருந்தா அது அழுத்தப்புண்ணோட முதல் படி. அன்னைக்கே மாஸ்க் மாடலை மாத்தணும், வேற இடத்துல பாரம் விழுற மாதிரி. மெஷினை நிறுத்தணும்னு இல்ல.

கழுவுறதுல நம்ம ஊர்க்காரங்க ரெண்டு கோஷ்டி. ஒண்ணு, தம்பியோட அப்பா. இன்னொண்ணு, டெட்டால்ல ஊறப்போட்டு ஸ்பிரிட்டால துடைக்கிறவங்க. டெட்டால் மிச்சமே மூஞ்சியைப் பொசுக்கும். ஸ்பிரிட் சிலிகானை வெடிக்க வைக்கும், அந்த வெடிப்பு தோலைக் கீறும். வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, தினமும் காலையில குஷன் மட்டும். நல்லா அலசணும். பட்டையை வாரம் ஒரு தடவை கையால துவைங்க, ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். மழைக்காலத்துல இங்க எதுவும் காயாது, தெரிஞ்சதுதான். ஃபேன் அடியில தொங்க விடுங்க, வெயில்ல போடாதீங்க. முடிஞ்சா பட்டை இன்னொரு செட் வச்சுக்குங்க, ஈரப்பட்டை கட்டினா வேர்க்குரு நிச்சயம்.

ஏசி போட்டுப் படுத்தா ட்யூப்ல தண்ணி கோத்து மூஞ்சியில சொட்டும். மெஷின் காத்துக்கு ஈரம் சேர்க்கிற ஹ்யூமிடிஃபையரை ஒரு புள்ளி குறைங்க, இல்லேன்னா ட்யூபுக்குத் துணி உறை போடுங்க.

டோம்பிவிலி சாமி

சின்ன விஷயம். மாலை போட்டு 41 நாள் விரதம், தாடி வளர்ந்துடும். வாயும் மூக்கும் மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் தாடி மேல உக்காராது. இறுக்கினா தாடிக்கடியில முடிக்கால் எல்லாம் சீழ் வைக்கும். எனக்கு வருஷா வருஷம் இதான். கார்த்திகை மாசம் மட்டும் பில்லோ வகைக்கு மாறிடுவேன், மலைக்குப் போயிட்டு வந்து ஷேவ் பண்ணினதும் பழையது. வாயால மூச்சு விடுறவங்களுக்கு இது சரிப்படாது சாமி, டாக்டரைக் கேட்டுக்குங்க.

செம்பூர்க்காரன்

கன்னத்துக் கோட்டை விட்டுட்டேனே. எது அலர்ஜின்னு கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் எடுத்தாங்க. முதுகுல வரிசையா சின்னச் சின்ன வட்டத்துல மருந்து வச்சு ஒட்டுவாங்க, 48 மணி நேரம் நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. செப்டம்பர் மாசம், மும்பை! ரெண்டு நாள் வேலைய வீட்லயே வச்சுக்கிட்டு ஏசியை விட்டு நகரல. டாக்டரம்மா என் பட்டையிலேர்ந்தே ஒரு துண்டு வெட்டி, அதையும் கூட ஒட்டினாங்க. பிரிக்கும்போது ஒரு தடவை, அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாங்க. மத்த வட்டமெல்லாம் சும்மா இருக்க, பட்டைத் துண்டு வச்ச இடம் மட்டும் தடிச்சு அரிச்சுது. உள்ள இருக்கிற ரப்பர் நுரையில சேர்க்கிற ரசாயனம் ஏதோ ஒண்ணு. சிலிகான் மேல பழி போட்ட மகானுக்கு போட்டோ அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரல.

வீட்டுக்காரம்மா பழைய மல் வேட்டியைக் கிழிச்சு பட்டைக்கு உறை தைச்சுக் கொடுத்தாங்க, ரெண்டு ஜோடி. அரிப்பு போயே போச்சு.

கோலிவாடா தம்பி

அண்ணே, அப்பாவுக்கு மாஸ்க் மாத்தலாம்னு இருக்கோம். காந்தக் கிளிப் வச்சது மாட்ட சுளுவா இருக்குன்னு கடையில சொல்றாங்க. அவருக்கு பேஸ்மேக்கர் இருக்கு, பரவால்லையா?

நெருல் நர்ஸ்

வேண்டாம் தம்பி. பேஸ்மேக்கர் இருந்தா காந்தக் கிளிப் உள்ளது எடுக்காதீங்க. அவர் பக்கத்துல படுக்கிறவங்களுக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் அதே கதைதான். சாதா பிளாஸ்டிக் கிளிப் மாடல் கிடைக்கும், அதைக் கேளுங்க. வாங்குறதுக்கு முன்னாடி அவரோட ஹார்ட் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை.